பானைக்கு அடியில் முளைத்த ரோசா

பினாங்கில் இருக்கும் என் மகன் யாக்கூபுக்கு, திருக்கோகர்ணத்திலிருந்து உன் அத்தா விதைக்கார ஷேக் பரீது ராவுத்தர் வாயால் சொல்லி, உன் அக்கா அஜீசா கையால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், தின்றது செரிக்கிறது, உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன்னே வலித்துச் சொல்லிவிடுகிறது, எனக்கு நாலு நாளாய்த் தூக்கம் இல்லை, ஆனால் அது நோவு இல்லை, சந்தோசம். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சோறும் வேளைக்குத் தொழுகையுமாய் இருப்பாய் என்று நம்பி மேலே சொல்கிறேன். யாக்கூபு, பூத்துவிட்டது. ரோசா பூத்துவிட்டது. விதையில் முளைத்த ரோசா, நம் வீட்டில், நம் கிணற்றடியில், என் கண்ணால் பார்த்தேன், என் விரலால் தொட்டேன், பூத்துவிட்டது. இப்படி எடுத்த எடுப்பில் சொன்னா தம்பிக்கு ஒண்ணும் வெளங்காது, மொதல்ல இருந்து வரிசையாச் சொல்லுங்கத்தா என்று உன் அக்கா பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள், மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு எனக்காக எழுதுகிறாள், அவள் பேச்சைக் கேட்காமல் முடியாது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

நம்ம ராசா ராச்சியத்தைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு, இனிமேல் நாமெல்லாம் திருச்சி ஜில்லா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருசம் அது. அம்மன் காசு செல்லும் என்று ஒருவனும் செல்லாது என்று ஒருவனும் சந்தையில் சண்டை போட்டார்கள், கோர்ட்டுச் சேவகர்கள் தலைப்பாகையை மாற்றுவதா வேண்டாமா என்று முழித்தார்கள். அந்த வருசம் பங்குனிக் கடைசி வியாழக்கிழமை காலையில் நீ நாகப்பட்டினம் கப்பலுக்குப் புறப்பட்டு நின்றாய். உனக்குப் பத்தொன்பது வயசு, பச்சைக்கட்டம் போட்ட கைலி, என்னுடைய பழைய கோட்டு, அது உனக்குத் தோளில் நிற்கவில்லை. வாசலில் ஜட்கா வண்டி நாகராசு, ரயிலு ஒங்களுக்காக நிக்காது பாய் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். நீ முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாய். அங்கே நம்ம நாட்டு ரோசாச் செடியின் ஒரு கிளை கிணற்றுக்குள் சாய்ந்து கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வெளிப்பக்கம் பூக்கிற பூவை எல்லாம் பெண்டுகள் பூத்த அன்றே பறித்துவிடுவார்கள், உள்பக்கம் பூத்தது கைக்கு எட்டாது, இதழ் எல்லாம் கிணற்றில் உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிசாய், நன்றாய்ச் சிவந்து ஒரு காய் தொங்கியது. நீ உன் நீளக் கையை நீட்டி அதைப் பறித்து வந்து, உன்னை வழியனுப்ப வந்திருந்த பூந்தோட்டம் உடையப்பனிடம் காட்டி, மாமா, ரோசா காய்க்குமா என்று கேட்டாய்.

உடையப்பனைத்தான் உனக்குத் தெரியுமே, கோயிலுக்கும் தர்காவுக்கும் பூக் கட்டுகிறவன், செடி விசயத்தில் அவனுக்கு மேல் யாரும் பேசிவிடக்கூடாது. ரோசாவுக்குக் காயாவது வெதையாவது, போத்தை வெட்டி ஊனுனாத்தான்டா ரோசா, நாப்பது வருசமா நான் பூச்செடியோட கெடக்குறேன், இதை வெதைச்சு ஒரு மொளை வந்துச்சுன்னா என்னைய வந்து கேளு என்றான். அப்போது உன் அம்மா பத்தாவது தடவையாய், எப்பத்தா திரும்பி வருவே என்று அழ ஆரம்பித்தாள். நீ சிரித்துக்கொண்டே அந்தக் காயை அவள் கையில் வைத்து, இதை வெதைங்கம்மா, செடி மொளைச்சு என்னைக்குப் பூக்குதோ அன்னைக்கு வந்துர்றேன் என்றாய். நின்றவர்கள் எல்லாம் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, அழுகையை நிறுத்தி, காயை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் அழுகையை நிறுத்தத்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நின்றுவிட்டதே, அதன் பிறகு நான் எப்படிப் போய் அவளிடம் அது விளையாட்டு என்று சொல்வது. பத்து வருசமாய் எனக்கு அந்த வாய் வரவில்லை. இதை எழுதும்போது அவள் அடுப்படியில் இருக்கிறாள், அதனால்தான் மெல்லச் சொல்கிறேன்.

சரி, நான் யார், விதைக்காரன். குன்றாண்டார்கோவில் சந்தையில் இருந்து கந்தர்வக்கோட்டைச் சந்தை வரைக்கும், பரீது ராவுத்தர் கொடுத்த விதை பொய்த்தது என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. காயைப் பிளந்தேன், உள்ளே பதினாறு விதை, மயிர் ஒட்டிக்கொண்டு, அரிசி நொய்யைப் போல. சுரைவிதையும் பூசணிவிதையும் எப்படிப் பக்குவம் பண்ணுவேனோ அப்படியே பண்ணினேன். சாம்பலில் புரட்டி, பசுஞ்சாணியில் பிசைந்து, கொல்லைச் சுவரில் வறட்டி போலத் தட்டி, சித்திரை வைகாசி இரண்டு மாச வெயிலும் ஏற விட்டேன். கல்லு மாதிரிக் காய்ந்தது. ஆடிப் பதினெட்டுக்கு உடைத்துப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் ஒரு பச்சை தலை தூக்கியது, உன் அம்மாவைக் கூப்பிட்டேன், உன் பெரியத்தா ஜமால் முகமது தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார், தெருவே வந்து பார்த்தது. அது குப்பைக்கீரை. ஆத்தீ, ரோசாக் கீரையைக் கடைஞ்சு எங்களுக்கும் ஒரு கரண்டி குடுங்க பாய் என்று தயிர்க்காரி காத்தாயி சிரித்த சிரிப்பில் அவள் தலைக்கலயம் கவிழப் பார்த்தது. பதினாறில் ஒன்றுகூட வரவில்லை. ஒரு விதைக்காரனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

அதற்குப் பிறகு வருசா வருசம் நம் வீட்டில் இதே வேலை. காய் வேண்டும் என்றால் பூவைப் பறிக்கக் கூடாது, செடியிலேயே உதிர விடவேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்டுகள் சும்மா விடுவார்களா. பூவை அழுக விடுற வீட்டை எந்த ஊருல கண்டோம், தலைக்கு ஒண்ணு குடுத்தா கொறைஞ்சா போயிரும் என்று காத்தாயி தினம் ஒரு பாட்டுப் பாடுவாள், உன் அம்மா குச்சியோடு செடிப்பக்கம் காவல் இருப்பாள். ஒரு வருசம் காயே பிடிக்காது. ஒரு வருசம் இரண்டு பிடிக்கும், அதில் ஒன்றை அணில் கொண்டு போகும். கிடைத்த விதையில் நான் செய்யாத வித்தை இல்லை. கொதிநீர் ஊற்றிப் பார்த்தேன், வெந்துவிட்டது. புளித்த மோரில் ஊறப் போட்டேன், ஊறி அழுகிவிட்டது. கருவேல நெற்றை ஆடு தின்று புழுக்கையில் போட்டால்தான் நன்றாய் முளைக்கும் என்று உனக்குத் தெரியும், அந்த யோசனையில் ஒரு காயை முருங்கைக் கீரைக்குள் சுருட்டி நம்ம வெள்ளாட்டுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கையில் ஓலைக்கொட்டானோடு அது போன இடமெல்லாம் பின்னால் போனேன். உடையப்பன் தன் தோட்டத்து வேலியில் நின்று பார்த்துவிட்டு, என்ன மாப்ளே, ஆட்டைக் குருவாக்கி அதுக்கு முரீது ஆயிட்டியா என்று கேட்டான். ஊர் சிரித்தது. ஆடு கடைவாயில் அரைத்தே விழுங்கியிருக்கிறது, ஒரு விதைகூட முழுசாய் வரவில்லை.

பெரும்புயல் அடித்த வருசம் கார்த்திகையில் முருங்கைமரம் முறிந்து நேராய்ச் செடி மேலேயே விழுந்தது. உன் அம்மா ஓட்டு வீட்டின் கூரை போனதற்கு அழவில்லை, அந்தச் செடிக்குத்தான் அழுதாள். கூப்பிடாமலே உடையப்பன் வந்தான், முறிந்த கொம்புகளில் உயிருள்ள போத்தாய்ப் பார்த்து எட்டுத் துண்டு வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். தை பிறந்து ஒரு நாள், துளிர் விட்ட தொட்டி ஒன்றைத் தலையில் சுமந்து கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினான். தங்கச்சி, செடி இந்தா இருக்கு, வெதை கிதைன்னு கிறுக்குப் புடிச்சு அலையாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மார்கழியில்தான் உன் பெரியத்தா போனது, உனக்கு அப்போதே எழுதினோம்.

நீ முதலில் எழுதிய காகிதங்களில் எல்லாம் கடைசி வரியில், ரோசா பூத்துவிட்டதா என்று கேட்பாய். அஜீசா வாசிக்கும்போது உன் அம்மா அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்வாள். அப்புறம் கேட்பது குறைந்தது. மூன்று வருசமாய்க் கேட்பதே இல்லை. போன சித்திரையில் பினாங்கிலிருந்து வந்த கீரனூர்க்காரர் ஒருவர் பள்ளிவாசலில் என்னிடம், உங்க மகன் அங்கயே வீடு வாசல்னு ஆயிருவான் போலருக்கு பாய், ஊருப் பேச்சையே எடுக்க மாட்டேங்கிறான் என்றார். நான் வீட்டில் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே பிடுங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் சோறு உண்ணவில்லை. நான் ஆத்திரத்தில் உன்னை இரண்டு சொல் சொல்லிவிட்டேன். அதற்கு அவள், அவனை எதுக்கு வையிறீங்க, பூக்காம எப்படி வருவான், சொன்ன சொல்லு சொன்னதுதானே, நம்மதானே இன்னும் பூக்க வைக்கலை என்றாள். யாக்கூபு, பத்து வருசம் நீ வராததற்கு அவள் உன் மேல் ஒரு நாள் குறை சொன்னதில்லை. குறை எல்லாம் என் மேல்தான். விதைக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு விதையை முளைக்க வைக்கத் தெரியாதவன்.

அதற்கு முந்தின மாசம், பங்குனியில், செடியில் மூன்று காய் சிவந்திருந்தது. நான் பார்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் சந்தைக்குப் போய் வந்து பார்க்கிறேன், மூன்றும் இல்லை. எங்கே என்றால், கோழி கொத்திருச்சு என்றாள். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவள் என்னிடம் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதனால் நானும் நம்பிவிட்டேன், கோழியைத்தான் விரட்டினேன். அவள் என்ன செய்திருக்கிறாள் என்றால், என் கையில் கிடைத்தால் மறுபடியும் சாணியில் தட்டிக் கொன்றுவிடுவேன் என்று பயந்து, விதையை எல்லாம் பழைய துப்பட்டித் துணியில் முடிந்து, குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற மணலுக்குள் புதைத்துவிட்டாள். நான் மண்ணைத் தோண்டுவேன், சுவரைச் சுரண்டுவேன், பானையடிப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த பட்டத்துக்கு என்ன செய்வது என்று யாரிடமாவது கேட்டுக்கொள்வோம் என்று நினைத்தவள் அப்படியே விட்டுவிட்டாள். பானை கசிந்து கசிந்து அந்த மணல் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும், நீ சின்னப் பிள்ளையில் வெயில் நாளில் அதில் காலைப் புதைத்து உட்கார்ந்து அடி வாங்குவாய். ஆறு மாசம் அந்த ஈரக் குளிர்ச்சியிலேயே விதை கிடந்திருக்கிறது.

புரட்டாசியில் மவுலூது ஓதுவதற்கு வீட்டை வெள்ளையடித்து, பானையடி மணலை மாற்றப் போனவள், ஏங்க, இங்கிட்டு வாங்க, வெரசா வாங்க என்று கத்தினாள். பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடினேன். துணி முடிச்சு அவள் உள்ளங்கையில் இருந்தது, அதன் இழைகளுக்கு ஊடே வெள்ளை வெளேர் என்று நாலு வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், கோழி கொத்துச்சுன்னு சொன்னியே என்றேன், ஆமா, கொத்துச்சு என்றாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தது எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குப் புத்தி வந்தது அன்றைக்குத்தான். காய்ந்தால் சாகிற விதையும் உலகத்தில் உண்டு. இத்தனை வருசம் நான் பக்குவம் பக்குவம் என்று வெயிலில் வைத்துச் சாகடித்திருக்கிறேன். துணியைக் கத்தரித்து, வேர் அறாமல் நாலையும் நாலு சட்டியில் ஆற்று மணலும் மக்கிய எருவும் போட்டு வைத்தோம். ஒன்று கழுத்து அழுகி இரண்டாம் நாள் சாய்ந்தது. ஒன்றை உண்மையிலேயே கோழி கொத்தியது. மூன்றாவது போனது என்னால், அதை உன் அக்கா எழுதட்டும், மறைக்க வேண்டாம். முதலில் வருகிற இரண்டு இலையும் ரோசா இலை மாதிரியே இல்லை யாக்கூபு, மொழுமொழு என்று முட்டையாய் இருந்தது, நாலைந்து நாளில் நான் மறந்துபோய், இது என்ன களை என்று பிடுங்கி எறிந்துவிட்டேன். ஐம்பது வருசம் விதை விற்றவன். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டுச் சட்டுவத்தால் தட்டைத் தட்டுவாள், அவ்வளவுதான் பேச்சு.

நாலாவதைத் தன் பாய்த் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள். மூன்றாவது இலை பல்லுப்பல்லாய் வந்ததும் சட்டியைக் கிணற்றடி வெயிலுக்கு மாற்றினாள். ஒரு நாள் தண்ணீர் தெளிக்கப் போய் என் சுண்டுவிரலில் சுரீர் என்று ஏறியது, பார்த்தால் முள். முள்ளு குத்திருச்சுடீ, முள்ளு குத்திருச்சு என்று நான் குதித்ததைப் பார்த்து அஜீசாவின் மூத்த பிள்ளை பயந்து அழுதுவிட்டது. தை முடிந்து மாசி பிறந்ததும் நுனியில் ஒரு மொட்டு. மிளகு அளவு, அப்புறம் பட்டாணி அளவு, நான் ஒரு நாளைக்கு இருபது தடவை போய்ப் பார்ப்பேன், இருபதாவது தடவையும் அப்படியே இருக்கும். போன வியாழக்கிழமை காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், விரிந்திருக்கிறது. விரிந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசத்துக்கு முன்னால் பயம் வந்தது. ஏனென்றால் அதில் மொத்தம் ஐந்தே இதழ். தாய்ச்செடிப் பூ அடுக்கடுக்காய்க் கருஞ்சிவப்பு அல்லவா, இது சிப்பியின் உள்பக்கம் போல இளஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் தூள், காட்டுப்பூ மாதிரி. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க, இது ரோசாதானே என்று கேட்டாள். ரோசா இல்லை என்றால் நீ வரவேண்டிய கடமை இல்லை என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிகிறது, நான் வாயைத் திறந்து தப்பாய்ச் சொல்லிவிட்டால்? உடையப்பன் அண்ணனைக் கூட்டியாங்க, அவரு சொன்னாத்தான் நான் நம்புவேன் என்றாள்.

உடையப்பனுக்கு இப்போது இரண்டு கண்ணும் பஞ்சடைந்துவிட்டது, ஆள் நிழல்தான் தெரியும். தோளில் கை போட்டு அழைத்து வந்தேன். வழியெல்லாம், ரோசாவாவது வெதையாவது, ஒம் பொண்டாட்டிக்காக வாரேன் என்று வைதுகொண்டே வந்தான். செடி முன்னால் உட்கார வைத்தோம். அவன் பூவைத் தொடவில்லை. முதலில் தண்டைத் தடவினான், முள்ளை விரலால் எண்ணினான், இலையை மடக்கி உதட்டில் வைத்துப் பார்த்தான். பிறகு இதழ் எண்ணினான். அஞ்சுதானா மாப்ளே, மிச்சத்தை நீ தின்னுட்டியா என்றான். கடைசியில் குனிந்து மூக்கை வைத்தான், வைத்தவன் எடுக்கவே இல்லை, தூங்கிவிட்டானோ என்று தோள் தட்டப் போனேன். அப்போதுதான் தலையைத் தூக்கினான். தங்கச்சி, சத்தியமா ரோசாதான், நான் இம்புட்டு வாசத்தை எந்தச் செடியிலயும் மோந்ததில்லை, ஒம் மவன் பூக்கணும்னுதானே சொன்னான், எத்தனை எதழுன்னு சொல்லலையே என்றான். உன் அம்மா அங்கேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தாள். உடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னான். அன்னைக்கு நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அந்தப் புள்ள அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், பத்து வருசமா நானும் எந்தோட்டத்து மூலையில யாருக்கும் தெரியாம வெதைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்டா, ஒண்ணும் மொளைக்கலை என்றான். அவன் என்னை ஆட்டுக்கு முரீது என்றதும் கிறுக்குப் பிடித்து அலையாதே என்றதும் எல்லாம், தன் தோட்டத்தில் முளைக்காத ஆத்திரத்தில்தான். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம், கிணற்றடி என்று பாராமல் வழுக்கி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம், அடி ஒன்றும் இல்லை.

பூ மூன்று நாள் இருந்தது. கேட்டு வந்த பெண்டுகளை எல்லாம் உன் அம்மா கிட்டே வந்து மோந்து பார்க்கச் சொன்னாள், தொட விடவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை இதழ் உதிர்ந்தது, அவள் முந்தானையை விரித்து ஐந்தையும் ஏந்திக்கொண்டாள். ஒன்றை அவள் குர்ஆன் சரீபு உறைக்குள் வைத்திருக்கிறாள். ஒன்று எனக்கு, தலைப்பாகை மடிப்பில். ஒன்றை அஜீசா பிள்ளையின் தொட்டிலில் போட்டாள். ஒன்றை உடையப்பன் கையில் கொடுத்தோம், அவன் அதை வெற்றிலையோடு மடித்து வாயில் போட்டு மென்றுவிட்டான், கேட்டால், எங்கண்ணுக்குத் தெரியாததை நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய, உள்ளே இருக்கட்டும் என்கிறான். ஐந்தாவது இதில் வைத்திருக்கிறது. பிரிக்கும்போது காற்றில் விட்டுவிடாதே.

மகனே, அங்கே உனக்கு ஒரு வாழ்க்கை ஆகிவிட்டது என்றால் நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. கலியாணம் முடித்திருந்தாய் என்றால் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா, யாராய் இருந்தாலும் சரி, உன் அம்மாவின் கோபம் ஒரு வேளைச் சோற்றுக்கு மேல் தாங்காது. வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாலும் நான் தடுக்க மாட்டேன், செடி பூக்கிற அன்றைக்கு வருவேன் என்றுதான் சொன்னாய், வந்தால் போகமாட்டேன் என்று சொல்லவில்லை, அந்த ஞாயம் எனக்குத் தெரியும். ஆனால் வரமுடியாது என்று ஒரு வரி எழுதிவிடாதே. இங்கே உன் அம்மா நேற்றே உன் பழைய பெட்டியை வெயிலில் போட்டுவிட்டாள், உனக்கு நீளமாய் வேண்டும் என்று கோரைப்பாய் சொல்லி வைத்துவிட்டாள், போகிற வருகிறவர்களிடம் எல்லாம், எம் மகன் வாரான், பூத்துருச்சுல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறு சேதி என்றால், அஜீசா மாப்பிள்ளை கந்தர்வக்கோட்டையில் முந்திரித் தோப்புக்குப் புதுக்கிணறு வெட்டுகிறார், தண்ணீர் இனிப்பாய் வந்திருக்கிறது. நம்ம வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டது. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஹவுசுக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். கப்பலில் வரும்போது மேல்தட்டில் தூங்காதே, பனி உனக்கு ஆகாது, சின்ன வயசில் மார்ச்சளி கட்டும். பிஸ்கட் டின், கம்பளி என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே, கையை வீசிக்கொண்டு வா. தண்ணீர் மாறினால் வயிறு கெடும், சுக்கு கொஞ்சம் வைத்துக்கொள்.

இன்னும் நோன்புக்கு நாலு வாரம் கூட இல்லை. தலைநோன்புக்கு முடியாவிட்டால் பெருநாள் தொழுகைக்காவது என் பக்கத்தில் நில். அல்லா உனக்கு நீண்ட ஆயுசும் நிறைந்த பரக்கத்தும் கொடுத்து, கடலைக் குளம் போல அடக்கி உன்னைக் கரை சேர்ப்பானாக, ஆமீன். மறக்காமல் எந்தக் கப்பல் எந்த நாள் என்று முந்தியே எழுது, உன் அம்மா நாகப்பட்டினத்துக்கே வருவேன் என்கிறாள். இப்படிக்கு உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அத்தா, விதைக்கார ஷேக் பரீது ராவுத்தர், இடது கைப் பெருவிரல் ரேகை இது.

கைநாட்டு வைத்த காகிதத்துக்குச் சாட்சி வேண்டும், இல்லையென்றால் நீ அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடுவாய் என்று பக்கத்தில் இருந்து ஒருத்தன் பிடிவாதம் செய்கிறான், பெற்றவர்களும் கூடப்பிறந்தவளும் சாட்சியில் சேர மாட்டார்களாம். அன்றைக்கு உன் சொல்லைக் கேட்டு நின்றவர்களில் உன் பெரியத்தா ஜமால் முகமது புயல் வருசத்தோடு போனார். ஜட்கா வண்டி நாகராசு குதிரையை விற்ற மறுமாசம் போனான். காத்தாயி போன வருசம் நயா பைசா வந்த புதுசில், அதை எண்ணத் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள், இந்தப் பூவை அவள் தலையில் வைத்துப் பார்த்திருக்கலாம். மிச்சம் உயிரோடு இருப்பது ஒரே ஆள், எழுபத்தாறு வயசு, கண்தான் இல்லை, காது கணீர் என்று கேட்கும், நீ வந்து நின்று மாமா என்று கூப்பிடுகிற வரைக்கும் இங்கேயே இருப்பேன் என்கிறான், தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று அஜீசாவிடம் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறான், கோணலாய்த்தான் இருக்கும், பார்த்துப் படித்துக்கொள்.

பூந்தோட்டம் உடையப்பன்